வானொலி கேட்காத கொலை

08-06-2024, சனி

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ பாடல் தொகுப்பை வரிசை குலையாமல் கேட்டு, தோன்றுவதை அவ்வப்போது எழுதிவைக்கலாம் என்று தொடங்குகிறேன். 1975இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இந்த இசைத்தட்டில் பதினைந்து தடங்கள் இருந்தும், மொத்தம் ஓடுவது அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான்; சில தடங்கள் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. மனைவியால் கைவிடப்பட்ட ஒரு போதகர் அவளையும் அவளுடைய காதலனையும் கொன்றுவிட்டுக் குதிரையேறி அலைவதே கதை. முழுத் தட்டும் ஒரே கதைப்பாடலாக நடப்பது அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசையில் அன்று வழக்கமில்லை. நெல்சன் மட்டும் இதற்கு முந்தைய ஆண்டே, ஒரு மணமுறிவை மனைவியின் பக்கமிருந்தும் கணவனின் பக்கமிருந்தும் சொல்லும் ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ தொகுப்பில் அதைச் செய்து பழகியிருந்தார்.

09-06-2024, ஞாயிறு

முதலில் கவனத்தில் படுவது வாத்தியங்களின் சிக்கனம். நெல்சனின் நைலான் தந்தி கிட்டார், சகோதரி பாபி நெல்சனின் பியானோ, மிக்கி ராஃபேலின் ஹார்மோனிகா, பீ ஸ்பியர்ஸின் பேஸ், பால் இங்கிலிஷின் தாளம். இவையும் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிப்பது அரிது. டெக்சஸ் மாநிலத்தின் கார்லண்டில், ஆட்டம் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் 1975 ஜனவரியில் பதிவானது. அதற்கான செலவு சுமார் 4,000 டாலர் என்கிறார்கள்.

இந்தச் சிக்கனத்தின் அருமை புரிய வேண்டுமானால், அறுபதுகளில் அவர் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய தட்டுகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். தாளத்துக்கு முன்பும் பின்பும் நழுவி, பேச்சுப் போக்கிலேயே வரியை முடிக்கும் அந்தக் குரலை, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் அன்றைய வழக்கப்படி வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் சூழ்ந்து ஓர் ஒழுங்குக்குள் நிறுத்தப் பார்க்கின்றன. பாட்ஸி கிளைன் பாடிய ‘கிரேஸி’யையும், ஃபேரன் யங் பாடிய ‘ஹலோ வால்ஸ்’ஸையும் 1961லேயே எழுதிக்கொடுத்தவர், தாமே பாடகராக நிற்கப் பத்தாண்டுகளுக்கு மேல் தவித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

12-06-2024, புதன்

கொலம்பியாவின் மேலாளர்களுக்கு இந்தப் பதிவு முடிந்த வேலையாகவே படவில்லை. மாதிரிப் பதிவை அனுப்பியிருக்கிறார், இனிமேல்தான் வாத்தியங்களைச் சேர்ப்பார் என்று எண்ணினார்களாம். ஆனால் என்ன பாடுவது, எப்படிப் பதிவுசெய்வது என்ற முழு உரிமையையும் நெல்சன் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்ததால், அவர் கொடுத்தது கொடுத்தபடியே வெளிவந்தது. கலைஞனின் பிடிவாதம் வென்றது என்று இதைச் சொல்வதே வழக்கம். எனக்கென்னவோ பிடிவாதத்தைவிட அந்த ஒப்பந்த வாசகமே பெரிதாகத் தெரிகிறது. அது இல்லையென்றால் எத்தகைய பிடிவாதத்தின்மேலும் வயலின்களை ஏற்றியிருப்பார்கள்.

16-06-2024, ஞாயிறு

முதல் சிங்கிளாக, அதாவது தொகுப்பிலிருந்து தனித்தட்டாக, வந்த ‘புளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்’ பற்றி எழுத வேண்டிய நாள் இது.

பாடல் நெல்சனுடையது அன்று. நாற்பதுகளில் ஃபிரெட் ரோஸ் எழுதி, கன்ட்ரி பாடகர் ராய் ஏகஃப் பாடியது. ராய் ஏகஃபுடன் சேர்ந்து நாஷ்வில்லில் பாடல் பதிப்பு நிறுவனம் தொடங்கிய அதே ஃபிரெட் ரோஸ்; 1954இல் மறைந்தவர். அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின், 1975 அக்டோபரில், அந்தப் பாடல் கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பாடகராக நெல்சனுக்கு அதுவே முதல் முதலிடம், வயது 42. பாப் வரிசையிலும் 21ஆம் இடம் வரை ஏறியது. சிறந்த கன்ட்ரி ஆண் குரலுக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது.

இரண்டரை நிமிடம்கூட இல்லாத பாட்டு. பிரிந்துபோனவளை நினைத்துக் காலமெல்லாம் ஏங்கும் ஒருவனின் துயரமாக வானொலி அதைக் கேட்டது. தனியாகக் கேட்பவருக்கு வேறெதுவும் தோன்ற வழியில்லை. ஆனால் தட்டில் அதற்கு முந்தைய தடத்தில்தான் போதகர் மதுக்கடைக்குள் நுழைந்து மனைவியையும் அவள் காதலனையும் கொல்கிறார். அந்தக் கிட்டார் ஓய்ந்த கணத்தில் இந்தப் பாடல் தொடங்குகிறது. எனவே மழையில் அழுத அந்த நீலக் கண்கள் அவரே மூடிய கண்கள். மறுமையில் சந்திப்போம் என்ற ஆறுதலைச் சொல்பவரும் அவளை அங்கே அனுப்பியவர்தான். ரோஸின் பாடலுக்கு இந்த இடத்தைத் தேர்ந்து வைத்ததாலேயே, அப்பாவித்தனமான ஒரு பழைய பாட்டை நெல்சன் குற்றவாளியின் வாக்குமூலமாக்கிவிட்டார். சிங்கிளை வாங்கியவர்கள் கேட்டதும் தட்டை வாங்கியவர்கள் கேட்டதும் ஒரே ஒலிப்பதிவு. ஆனால் இரண்டும் ஒரே பாடல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

22-06-2024, சனி

தலைப்புப் பாடல் நெருடிக்கொண்டே இருக்கிறது. எடித் லிண்டெமனும் கார்ல் ஸ்டட்ஸும் ஐம்பதுகளில் எழுதிய பாடல் அது. ஃபோர்ட் வொர்த்தில் வானொலி அறிவிப்பாளராக இருந்த காலத்தில் நெல்சன் அதை ஒலிபரப்பியவர். தம் குழந்தைகளுக்கும் பாடிக் காட்டியவர். பின்னாளில் ஒரு நெடும் கார்ப் பயணத்தில் மனைவி கானி அதை நினைவூட்ட, அதற்கு முன்னும் பின்னும் கதையைக் கோத்ததே இந்தத் தொகுப்பு. அந்தத் தலைப்புப் பாடலில், இறந்த மனைவியின் குதிரையைத் தொட வந்த இன்னொரு பெண்ணையும் போதகர் சுட்டுவிடுகிறார். குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்காக ஒருவனைத் தூக்கிலிட முடியாது என்று பாடல் கதையை முடித்துவிடுகிறது. பழைய மேற்கின் நீதி அப்படித்தான் இருந்தது என்று தள்ளிவிடலாம். ஆயினும், இரண்டு பெண்களின் சாவுக்குப் பிறகும் கேட்பவரின் இரக்கம் முழுவதும் கொன்றவன் பக்கமே நிற்கும்படி அந்தக் குரல் செய்துவிடுகிறது. இதைத் தொகுப்பின் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. அதன் வலிமை எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் ஆபத்தும் இருக்கிறது.

இதற்குச் சற்றுப் பின் வரும் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ ஒரு பழைய தேவாலயக் கீதம். பாபி நெல்சனின் பியானோ அதைச் சொற்களே இன்றி வாசிக்கிறது. பாவி இருந்தபடியே வரலாம் என்று அழைக்கும் அந்தக் கீதத்தை இந்த இடத்தில் யாராவது பாடியிருந்தால் மன்னிப்பு மலிவாகியிருக்கும்.

28-06-2024, வெள்ளி

இரண்டாவது சிங்கிள் ‘ரிமெம்பர் மீ’ 1976இல் கன்ட்ரி வரிசையில் இரண்டாம் இடம் வரை வந்தது. ஸ்காட்டி வைஸ்மன் எழுதிய பழைய பாடல். முதல் சிங்கிளைவிடச் சற்றுத் துள்ளலானது. தொகுப்பில் அது வருவது இறுதியை ஒட்டி, போதகர் டென்வரில் வேறொரு பெண்ணின் அணைப்பில் ஓர் இரவு தங்க இடம் கேட்ட பிறகு. தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவர் கேட்பது யாரிடம்? புதியவளிடம் என்றால் அது காதலின் தொடக்கம். பழையவளிடம் என்றால், நினைக்க அவள் இல்லை. நெல்சன் இதைத் தெளிவாக்கவே இல்லை. ‘ஹேண்ட்ஸ் ஆன் த வீல்’ பாடலுக்கு, வீடு திரும்பும் மனநிலைக்கு, நேராகப் போய்விடுகிறார். அந்த அமைதி போதகருக்குக் கிடைக்க வேண்டியதுதானா என்பதில் நான் இன்னும் அவரோடு உடன்படவில்லை.