ஏபி அரசியல் பாடம்: சுலபம் என்று நான் நினைத்த நான்காம் யூனிட்

பத்தாம் வகுப்பு வரை திருச்சியில் படித்தேன். ஒஹாயோ வந்த இரண்டாம் வருடம், பன்னிரண்டாம் வகுப்பில், ஏபி யூஎஸ் கவர்ன்மென்ட் எடுத்தேன். ஏபி என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்; இது அமெரிக்க அரசியல் பற்றியது. அரசியலமைப்பு, காங்கிரஸ், நீதிமன்ற வழக்குகள் எல்லாம் பயமுறுத்தின. அமெரிக்கர்களின் அரசியல் விழுமியங்களையும் நம்பிக்கைகளையும் பற்றிய நான்காம் யூனிட்டை மட்டும் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வருடத்தில் நான் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண் அதில்தான். இப்போது இங்கே புதிதாக வந்து இதே பாடத்தை எடுக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் தடுமாற்றம் ‘லிபரல்’ என்ற சொல்லிலேயே. நம் ஊர் சமூக அறிவியலில் 1991-இன் தாராளமயமாக்கலைப் படித்திருந்தேன். அரசு தன் பிடியைத் தளர்த்தி சந்தையைத் திறந்துவிடுவதுதான் தாராளமயம். அதனால் லிபரல் என்றால் சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பவர் என்றே மனதில் பதிந்திருந்தது. அமெரிக்காவில் நேர் எதிர். பொருளாதாரத்தில் அரசுக்கு அதிகப் பங்கு வேண்டும் என்பவர் லிபரல். வரியும் கட்டுப்பாடும் குறையட்டும் என்பவர் கன்சர்வேடிவ். தனிமனித வாழ்க்கை, குடும்பம் என்று வந்தால் லிபரல்கள் பெரும்பாலும் அரசு விலகி நிற்கட்டும் என்பார்கள். கன்சர்வேடிவ்கள் மரபைக் காக்க அரசுக்கு இடம் கொடுப்பார்கள். இரண்டிலும் அரசு விலகட்டும் என்பவர் லிபர்டேரியன். மல்டிபிள் சாய்ஸில் நான் இழந்ததில் பாதி இந்த ஒரு குழப்பத்தால் போனது. சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதிப் படிக்கும் பழக்கம் எனக்கு எல்லாப் பாடத்திலும் உதவியிருக்கிறது. இந்தச் சொல்லுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து ஐந்து விழுமியங்கள்: தனிமனிதவாதம், சம வாய்ப்பு, தடையற்ற தொழில், சட்டத்தின் ஆட்சி, வரம்புக்குட்பட்ட அரசு. விளக்கங்களை மனப்பாடம் செய்து அப்படியே எழுதினேன். ஆசிரியை தாளின் ஓரத்தில் “அதனால் என்ன?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்தக் கேள்வி புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. இந்த ஐந்தையும் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு கட்சிக்காரர்களுமே தங்களுடையது என்கிறார்கள். சண்டையெல்லாம் அவற்றுக்கு என்ன பொருள் கொள்வது என்பதில்தான். காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோய் வந்தால் வீடு வாசல் போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்குச் சம வாய்ப்பு எங்கே இருக்கிறது என்று ஆதரித்தவர்கள் கேட்டார்கள். நான் எதை வாங்க வேண்டும் என்று அரசு எப்படிச் சொல்லலாம் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். காப்பீடு எடுக்காதவர் கட்ட வேண்டியிருந்த தொகையை வரியாகக் கருதலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விடை எழுதும்போது விழுமியத்தோடு நிற்காதீர்கள். அதை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார், அதனால் அரசு என்ன செய்ய வேண்டும் என்கிறார், எந்தக் கொள்கையை ஆதரிக்கிறார் என்று கடைசிவரை போங்கள். மதிப்பெண் அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது.

இந்த யூனிட்டை எனக்குப் புரியவைத்தது ஒரு தாத்தா. யாராவது ஒருவரின் அரசியல் எப்படி உருவானது என்று பேட்டி எடுத்து வரச் சொன்னார்கள். என் தோழியின் தாத்தா ஒஹாயோவின் யங்ஸ்டவுன் நகரில் இரும்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். அவருடைய அப்பா யூனியன்காரர். 1930-களில் அதிபராக இருந்த, ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தாராம். ஜனநாயகக் கட்சி தவிர வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுவதை அந்த வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. 1977 செப்டம்பர் 19 அன்று கேம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேரின் வேலை போனது. அந்தத் திங்கட்கிழமை மதியம் என்ன சாப்பிட்டார் என்பதுவரை அவர் சொன்னார். 2016-இல் முதன்முறையாகக் கட்சி மாறி ஓட்டுப் போட்டிருக்கிறார். அவர் வாழும் மஹோனிங் கவுன்டியும் (நம் ஊர் மாவட்டம் போன்றது) 1972-க்குப் பிறகு முதன்முறையாக 2020-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு அதிக ஓட்டுகளைத் தந்தது. ஆனால் அதே வீட்டில் வளர்ந்து அதே ஆலையில் வேலை பார்த்த அவருடைய தம்பி இன்றுவரை மாறவில்லை.

இதைக் கேட்டபிறகுதான் விடைத்தாளில் ‘எல்லோரும்’ என்று எழுதுவதை விட்டேன். குடும்பம், பள்ளி, நண்பர்கள், மதம், ஊடகம், வாழும் காலத்தின் பெரிய நிகழ்வுகள் எல்லாம் ஒருவரை ஒரு பக்கம் சாயவைக்கும், அவ்வளவுதான். ‘வாய்ப்பு அதிகம்’ என்று எழுதுங்கள். 1965-இல் ஜென்னிங்ஸ், நீமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாடு முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். எந்தக் கட்சி என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே வந்திருந்தது. தனித்தனிப் பிரச்சினைகளில் கருத்து அந்த அளவுக்கு வரவில்லை. நம்மைப் போன்ற வீடுகளில் அப்பா அம்மாவுக்கு இங்கே ஓட்டே இல்லை, அதனால் சாப்பாட்டு மேசையில் கட்சிப் பேச்சும் இல்லை. பள்ளியும் நண்பர்களும் போனும்தான் நம்மைச் செதுக்குகின்றன. உங்களையே ஓர் உதாரணமாக வைத்து யோசித்துப் பாருங்கள், பாடம் சட்டென்று பிடிபடும்.

பலர் குழம்பும் இன்னொரு இடம், வயதின் தாக்கமும் தலைமுறையின் தாக்கமும். பதினெட்டில் கல்லூரிக் கடனைப் பற்றிக் கவலைப்படுபவர் அறுபத்தைந்தில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தைப் பற்றிக் கவலைப்படுவது வயதால் வருவது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்தவர்கள் பலர் கடைசிவரை ரூஸ்வெல்ட்டின் கட்சியோடு நின்றது தலைமுறையால் வந்தது. தாத்தாவின் அப்பா மாட்டிய அந்தப் படத்தை நினைத்துக்கொண்டால் இந்த இரண்டும் எனக்குக் குழம்புவதில்லை.

கருத்துக் கணிப்புக்கு 1936 அதிபர் தேர்தல் ஒன்றே போதும். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுகளிலிருந்தும் எடுத்தவை. பெருமந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து கேலப் என்ற கருத்துக் கணிப்பாளர் சரியாகச் சொன்னார். எண்ணிக்கையை விட மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பது முக்கியம் என்று இந்தக் கதையை வைத்து எழுதலாம்.

தேர்வில் மல்டிபிள் சாய்ஸ் 55 கேள்விகள், 80 நிமிடம். அப்புறம் எழுத்துக் கேள்விகள் நான்கு, 100 நிமிடம். அந்த நான்கில் ஒன்றான கட்டுரைக்கு 40 நிமிடம் கட்டாயம் ஒதுக்குங்கள். வரைபடம் தரும் கேள்வியில் காரணத்துக்குத் தாவாமல் முதலில் எண்களைச் சொல்லுங்கள்: எது கூடியது, எது குறைந்தது, எந்த வருடத்திலிருந்து. நான் 2022-இல் தாளில் எழுதினேன், இப்போது கணினியில்தான்.

நேரம் கிடைத்தால் நீங்களும் ஒரு பெரியவரிடம் பேசிப் பாருங்கள். எந்தக் கட்சி என்று கேட்டு ஆரம்பித்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். முதல் ஓட்டு எந்த வருடம் போட்டீர்கள், அப்போது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தாத்தா என்னிடம் இரண்டு மணி நேரம் பேசினார்.