மலையோட்டமும் 16 மிமீ லென்சும்

மலையோட்டப் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது தரையைத்தான். ஓடுகிறவரின் கால் எதன்மேல் இருக்கிறது, அடுத்த கால் எங்கே விழப்போகிறது, அங்கே இருப்பது வேரா, சேறா, உருளும் கல்லா, பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா, இதெல்லாம் தெரிய வேண்டும். பின்னணி முழுக்கப் பச்சையாகக் கரைந்துபோய், முகமும் நெஞ்சில் குத்தியிருக்கும் பந்தய எண்ணான பிப் நம்பரும் மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும் படத்தை தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 மிமீ டெலி லென்சில் அழகாக எடுத்துவிடலாம், ஓடினவர்களும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அது மலேசியாவின் கினபாலு மலையில் எடுத்ததா சிங்கப்பூர்க் கடலோரத்து ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, மூச்சு முட்ட மேலே ஏறி வந்தவருக்கு அந்தப் படம் போதாது என்பது என் கட்சி.

வைட் ஆங்கிள், அதாவது 16 மிமீ மாதிரி அகலமாகப் பார்க்கும் லென்ஸ், என்றதும் பலர் நினைப்பது இதுதான்: மலை பெரியது, அது முழுசாக உள்ளே வர அகலமான லென்ஸ் வேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, நாம் நிற்கும் இடத்தைவிட 800 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் (36க்கு 24 மிமீ சென்சார்) கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்து 16 மிமீயில் எடுத்தால், படத்தின் உயரத்தில் அது சுமார் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதே மலை 70 மிமீயில் கிட்டத்தட்ட பாதி உயரத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது 16 மிமீயை மாட்டினால் தூரத்து மலை வெறும் மேடு. ஓடுகிறவர் கதையும் அதேதான், பத்து மீட்டர் தள்ளி வரும்போது அவரும் பத்தில் ஒரு பங்கு, இரண்டு மீட்டருக்கு வந்துவிட்டால் பாதிக்கும் மேல். ஆகவே கிட்டே போகத்தான் வேண்டும், மலைக்கும் சரி, ஆளுக்கும் சரி.

கிட்டே போனால் நேரம் கிடைக்காது. இறக்கத்தில் நல்ல ஓட்டக்காரர் விநாடிக்கு நான்கு மீட்டர் தாண்டுவார். மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு அவர் வந்து சேர அரை விநாடிகூட ஆகாது, நமக்கு வேண்டிய படம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. கேமரா முகத்தைக் கண்டுபிடிக்கட்டும், கண்ணைப் பிடிக்கட்டும் என்று காத்திருப்பதைவிட, ஃபோகஸைக் கையால் வைத்துவிட்டு அந்த வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது எனக்குப் பிடித்த வழி. 16 மிமீ, லென்சின் திறப்பு எஃப்/8 (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்), ஃபோகஸ் 1.1 மீட்டரில். அவ்வளவுதான், அரை மீட்டர் முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அப்புறம் கவலைப்பட வேண்டியது ஷட்டர் வேகம் ஒன்றுக்குத்தான். கிட்டே இருப்பதால் சின்ன அசைவும் படத்தில் பெரிதாகத் தெரியும், அதிலும் வீசும் காலின் வேகம் உடம்பின் வேகத்தைவிட அதிகம், எனவே வெளிச்சம் இருக்கும் இடத்தில் 1/1600 விநாடி வேகத்துக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

இப்படிக் கிட்டே போய் எடுப்பதைப் பற்றிப் பேசும்போது கேலன் ரோவெல் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கர், மலையேறி, தானே மலைகளில் ஓடுபவர், 2002இல் விமான விபத்தில் இறந்துபோனார். எடை குறைந்த நிக்கான் ஒன்றில் 24 மிமீ லென்சை மாட்டி, அது நெஞ்சில் ஆடாமல் இருக்கக் கட்டிக்கொண்டு ஓடியே படம் எடுத்தவர். 1981இல் திபெத்தின் லாசாவில் வானவில் தோன்றியபோது, அது பொட்டாலா அரண்மனைமேல் வந்து விழும் இடத்தைத் தேடி அந்த உயரத்தில் மூச்சிறைக்க ஓடினார், அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. சட்டகத்துக்குள் என்ன வருகிறது என்பதைக் கால் தீர்மானிக்கிறது என்று அவரிடமிருந்துதான் நான் எடுத்துக்கொண்டேன். ஜூமைத் திருகாமல் இரண்டு எட்டு நகர்ந்து பாருங்கள், படமே வேறாகிவிடும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு மலையோட்டமா என்று ஊரிலிருந்து பேசும் மாமா இன்னும் கேட்பார். நம் நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா 163.63 மீட்டர். ஆனால் சனிக்கிழமை காலை அங்கே போய்ப் பாருங்கள், முதுகில் தண்ணீர்ப் பையோடு அதே ஏற்றத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். மழை வந்தால் வீவக (அரசு வீட்டு வசதிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளின் மாடிப்படி. இப்படித்தான் நம் ஆட்கள் கினபாலுவுக்கும் இந்தோனேசியாவின் ரிஞ்சானி மலைக்கும் தயாராகிறார்கள். படம் எடுப்பவருக்கும் புக்கிட் தீமா நல்ல பள்ளிக்கூடம், ஏனென்றால் அங்கே தூரத்துக் காட்சி என்று ஒன்றுமே கிடையாது. குறுகிய பாதை, மரங்கள் முகத்துக்கு நேரே, மேலே இலைக்கூரை. டெலி லென்சுக்கு நடுவில் கிளைதான் வரும். வைட் லென்சோடு மண்டியிட்டால் படிக்கட்டும் வேரும் ஆளும் ஒரே மூச்சில் உள்ளே வந்துவிடுவார்கள். பையை மட்டும் மூடியே வையுங்கள், குரங்குகளுக்கு பிளாஸ்டிக் உறை சரசரக்கும் சத்தம் நன்றாகத் தெரியும்.

சரிவைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. நேர் எதிரே நின்று கண் உயரத்தில் எடுத்தால் எந்த ஏற்றமும் தட்டையாகிவிடும், நாற்பது டிகிரி சரிவுகூட நடைபாதை மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நின்றால் சரிவு கோடாகத் தெரியும், ஆனால் வேகம் குறைந்துவிடும். எனக்குப் பிடித்த இடம் ஏற்றத்தின் மேல்முனை. அங்கே பாறையோடு பாறையாக உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்துக் கீழே பார்த்தால், ஏறி வருபவரின் முகம், தொடையை அழுத்தும் கை, அவருக்குப் பின்னால் விழும் பாதை, அதில் எறும்பு வரிசையாக வரும் மற்றவர்கள், கடைசியில் பள்ளத்தாக்கு என்று எல்லாம் அடுக்கடுக்காக நிற்கும். முழங்கால் உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. களைத்தவர் தரையைப் பார்த்தே வருவார், தொப்பியின் முனை முகத்தை மறைத்துவிடும், கீழிருந்து பார்க்கும் லென்சுக்கு மட்டும்தான் அந்த முகம் கிடைக்கும். கேமராவைச் சாய்த்து இல்லாத சரிவை உண்டாக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் செய்ய மாட்டேன். அந்தப் பாதையில் ஓடினவருக்கு அது பொய் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஆளை மூலையில் வைக்காதீர்கள். 16 மிமீயின் மூலைகள் எதையும் வெளிப்பக்கமாக இழுக்கும், அங்கே விழும் தலை முட்டை வடிவத்துக்குப் போய்விடும், கால் இரண்டு மடங்கு நீளும். நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் போதும். மூலைகளைப் பாறைக்கும் புல்லுக்கும் கொடுத்துவிடுங்கள், அவை நீண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சொல்லப்போனால் அந்த இழுப்பே ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் காட்டும்.

அடர்ந்த காட்டுக்குள் வெளிச்சம் எப்போதும் பற்றாக்குறைதான். கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400க்குப் போக நான் தயங்குவதில்லை, படத்தில் மணல் மணலாக வந்தால் வரட்டும், அசைந்துபோன படத்தைவிட அது நூறு மடங்கு மேல். ஆனால் இன்னொன்றை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இலைகளின் வழியாக வடிகட்டி வரும் ஒளி பச்சையாக இருக்கும், அது நம் ஆட்களின் கறுத்த, வியர்வையில் மினுங்கும் தோலில் விழும்போது முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை அதைச் சரியாகப் பிடிக்காது. கேமரா திருத்தாத ரா (RAW) கோப்பாக எடுத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே பச்சைக்கு எதிரான மெஜந்தாவைக் கொஞ்சம் கூட்டி, நிறத்தின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினால் அசல் நிறம் திரும்பி வரும். அதற்குப் பதிலாக வெளுப்பாக்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நிறம்தான் அந்த மனிதர்.

ஈரம் அடுத்த பிரச்சினை. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடும், துடைக்கத் துடைக்கப் படரும். பையைத் திறக்காமல் வெளியே வைத்து அரை மணி நேரம் விட்டால் கேமரா தானாகச் சூடாகிவிடும், அதுவரை கோப்பி குடியுங்கள். மழையில் வைட் லென்ஸ் படுத்தும் பாடு பெரிது, முன்கண்ணாடி பெரியது, மறைப்போ குட்டை, மேல்நோக்கிப் பிடித்தால் ஒவ்வொரு துளியும் நேராக வந்து உட்காரும். எஃப்/16க்கு மூடினால் அந்தத் துளிகள் இன்னும் நன்றாகத் தெரியும், எஃப்/5.6 பக்கம் திறந்தே வைத்தால் ஓரளவு கரைந்துபோகும்.

பினாங்குக் கொடிமலையில் ஒரு பந்தயத்துக்குப் போயிருந்தேன். உச்சி 833 மீட்டர், தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து ஏறும் ஜீப் பாதை சிமெண்டுச் சாலைதான், ஆனால் சில வளைவுகளில் குதிகால் தரையில் படாது. நான் நின்ற வளைவில் மேகம் இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஒரு தம்பி ஏறி வந்தான், பின்னலாடை உடம்போடு ஒட்டி, சாக்ஸ் வரை சேறு. என்னைப் பார்த்ததும், “அண்ணே, முருகன் கோயில் இன்னும் எவ்ளோ தூரம்?” என்றான். உச்சியில் இருக்கும் அருளொளி திருமுருகன் கோயிலைத்தான் கேட்டான். “கொஞ்சம்தான் தம்பி, இந்த வளைவு தாண்டு” என்றேன். நின்று பேச அவன் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, நானும் அவனை நிறுத்தவில்லை. கேமராவைக் கிட்டத்தட்டத் தரையில் வைத்து, அவன் என்னைத் தாண்டும் கணத்தில் ஒரே ஒரு படம். முன்னால் தேய்ந்த காலணியின் அடிப்பாகம், அதில் ஒட்டியிருந்த ஈர இலை, சிமெண்டில் குறுக்காகக் கீறிய பள்ளங்கள், மேலே வெள்ளை. மலையே தெரியவில்லை, ஆனால் அங்கே ஓடிய யாரிடம் காட்டினாலும் அந்த வளைவு எது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவு கிட்டே நிற்கிறவனுக்குக் கடமையும் உண்டு. பாதையில் கால் வைக்காதீர்கள். இறக்கத்தில் வளைவுகளில் ஓடுகிறவர் வெளிப்பக்கமாகத்தான் தள்ளப்படுவார், அதனால் உள்வளைவில், மேட்டுப் பக்கம் உட்காருங்கள். கைத்தடியோடு வருகிறவர் என்றால் இன்னும் ஒரு அடி பின்னால், தடியின் முனை பக்கவாட்டில் வீசும். அவர் வரும்போது அசையக்கூடாது, கண்ணோரத்தில் ஏதாவது அசைந்தால் அவர் பார்வை தரையைவிட்டு வந்துவிடும், அந்த ஒரு நொடி போதும் விழுவதற்கு. இருட்டில் நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிப்பவர்கள்மேல் எனக்கு மரியாதையே இல்லை. இருட்டில் எடுக்கத்தான் வேண்டும் என்றால் தட்டையான பகுதியாகப் பார்த்து, ஃபிளாஷைத் தனியாகப் பக்கவாட்டில் வைத்து, குறைந்த சக்தியில் அடியுங்கள்.

வைட் லென்ஸ் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் 1974இல் தொடங்கிய சியேர்-சினால் பந்தயத்தின் பெருமையே பாதையிலிருந்து தெரியும் ஐந்து நாலாயிரம் மீட்டர் சிகரங்கள்தான், 4,506 மீட்டர் வைஸ்ஹோர்ன் அதில் ஒன்று. அவை பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்கின்றன. அங்கே 16 மிமீ போட்டால் சிகரங்கள் பல்வரிசையாகச் சுருங்கிவிடும், 70 அல்லது 100 மிமீதான் நியாயம். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் 2002 முதல் நடக்கும் செகாமா-ஐஸ்கோரி பந்தயம் அதற்கு நேர் எதிர். சாங்தி ஸ்பிரிட்டு ஏற்றத்தில் ஊர் ஜனம் இரண்டு பக்கமும் நெருக்கி நின்று ஓடுகிறவர் காதருகே கத்துவார்கள், அந்த நெருக்கத்தைக் காட்ட வைட் லென்சை விட்டால் வேறு இல்லை. கினபாலுவின் மேல்பகுதியும் அப்படித்தான், 1987இல் அங்கே கிளைம்பத்தான் (Climbathon) என்ற மலையோட்டப் பந்தயம் தொடங்கியது. மரம் முடிந்ததும் மொட்டைக் கருங்கல், அதில் கிடக்கும் வெள்ளைக் கயிறு, பக்கத்திலேயே சௌத் பீக்கின் கூர்முனை. கயிறு முன்னால் தடித்துத் தொடங்கி மெலிந்து உச்சி வரை போகும், அந்தக் கோட்டின்மேல் ஓர் ஆள். 4,095 மீட்டர் மலைக்கு அதைவிட நல்ல சட்டகம் எனக்குத் தெரியவில்லை.

முதல் இருபது பேரை எடுத்துவிட்டு இறங்கிவிடும் வழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து கட்-ஆஃப் நேரம், அதாவது ஓடி முடிக்கக் கொடுத்த கடைசி நேரம், வரை இருங்கள். முன்னால் ஓடுகிறவர்களை எடுக்க எத்தனையோ கேமராக்கள் இருக்கும். ஐம்பது வயதில் முதன்முறை மலையில் ஓட வந்த அக்காவையோ, ஷிஃப்ட் முடித்து இரவு பஸ் பிடித்து வந்த தொழிலாளி அண்ணனையோ எடுக்க ஆள் இருக்காது, அவர்கள் மெதுவாக வருவதால் இரண்டு மூன்று கோணங்களில் எடுக்க நமக்கும் நேரம் கிடைக்கும். போன தடவை அப்படி எடுத்த படங்களை எல்லாம் பிப் நம்பர் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஓடியவர்கள் கேட்டால் முழு அளவில் அனுப்பிவிடுவேன், காசு வேண்டாம்.