எல் அலமைன்: 132-ஆவது டாங்கி ரெஜிமென்ட்டைத் தேடி

எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் தொலைவில் எல் அலமைன் இருக்கிறது. வலப்பக்கம் மத்தியதரைக் கடலும் இடப்பக்கம் பாலைவனமுமாக நீளும் அந்தச் சாலையில் விடியற்காலையிலேயே வாடகைக் காரில் புறப்பட்டேன். இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், இரண்டாம் உலகப் போரில் 1942-இல் இங்கே மோதிய பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியையும் ஜெர்மானியத் தளபதி ரோம்மலையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நானோ ஜெர்மானியரின் பக்கம் நின்று போரிட்ட இத்தாலியத் தரைப்படையின் 132-ஆவது டாங்கி ரெஜிமென்ட்டின் தடத்தைத் தேடி வந்தேன்.

போர் அருங்காட்சியகத்தின் வெளிமுற்றத்தில், அந்த ரெஜிமென்ட் பயன்படுத்திய வகையான எம் 13/40 டாங்கி ஒன்று வெயிலில் நிற்கிறது. 'எம்' என்பது நடுத்தர வகையைக் குறிக்கும். 13 என்பது டன் கணக்கு. 40 என்பது அது வந்த ஆண்டு. ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். உள்ளே நான்கு பேர். கோபுரத்தில் 47 மில்லிமீட்டர் பீரங்கி. 125 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். அருகில் சென்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஆணிகள்தாம். இரும்புத் தகடுகளைப் பற்றவைக்காமல், தறையாணி அடித்தே பொருத்தியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கும் அந்த ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நுனியை விடப் பெரிதாக இருந்தன. குண்டு வந்து மோதும்போது தகடு துளைபடாமல் தாங்கினாலும், ஆணி முறிந்து உட்பக்கமாகத் தெறித்து, துப்பாக்கிக் குண்டைப் போலவே ஆளைத் தாக்கும். அதனால் அந்த வீரர்கள் முன்பக்கத்தில் மணல் மூட்டைகளையும் உதிரிச் சங்கிலிக் கண்ணிகளையும் கட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள். தொடக்கக் காலத்தில் பெரும்பாலான டாங்கிகளில் வானொலிக் கருவியும் இல்லாததால், தளபதி கோபுரத்திலிருந்து கொடியசைத்தே கட்டளையிட வேண்டியிருந்தது. இத்தாலியர்கள் போரிடத் தெரியாதவர்கள் என்று இன்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த இரும்புப் பெட்டியின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

இத்தாலியின் அரியேத்தே கவச டிவிஷன் 1941 தொடக்கத்தில் லிபியாவில் வந்திறங்கியது. 'அரியேத்தே' என்றால் ஆட்டுக்கிடா. பழந்தமிழில் 'தகர்' என்போமே, அதுதான். கோட்டைக் கதவை மோதி உடைக்கும் பழங்காலப் போர்ப்பொறிக்கும் அதே பெயர் உண்டு. அந்த டிவிஷனுக்காக லிபிய மண்ணிலேயே 1941 செப்டம்பரில் 132-ஆவது டாங்கி ரெஜிமென்ட் அமைக்கப்பட்டது. இரண்டரை மாதத்தில் அதற்குப் பெரிய சோதனை வந்தது. நவம்பர் 19 அன்று பீர் எல் கோபி என்ற பாலைவனக் கிணற்றடியில், பிரிட்டனின் 22-ஆவது கவச பிரிகேட் தன் புத்தம்புதிய குருசேடர் டாங்கிகளோடு நேராகப் பாய்ந்து வந்தது. பதுங்கியிருந்த பெர்சாலியேரிக் காலாட்படையும், லாரிகளின் மேல் ஏற்றப்பட்ட கடற்படைப் பீரங்கிகளும் அந்தப் பாய்ச்சலைத் தடுத்து நிறுத்தியதும், 132-ஆவது ரெஜிமென்ட்டின் டாங்கிகள் எதிர்த்தாக்குதலில் இறங்கின. இரு தரப்பும் ஏராளமான டாங்கிகளை இழந்த அந்த நாளின் முடிவில் பீர் எல் கோபி இத்தாலியர் கையிலேயே இருந்தது.

அடுத்த ஆண்டு மே 27 அன்று நடந்ததைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. லிபியப் பாலைவனத்தில் பிரெஞ்சுப் படை காத்துநின்ற பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே நிலைகொண்டிருந்த 3-ஆவது இந்திய மோட்டார் பிரிகேட்டை, விடிந்து சிறிது நேரத்திலேயே அரியேத்தேவின் டாங்கிகள் ஏறி மிதித்து முன்னேறின. தகுந்த டாங்கிகள் எதுவும் இல்லாத நம் குதிரைப்படை மரபின் வீரர்கள், பீரங்கிகள் மௌனமாகும்வரை சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே நாள் காலையில் 132-ஆவது ரெஜிமென்ட்டின் ஒன்பதாவது பட்டாலியன் பீர் ஹக்கீம் கோட்டையை நோக்கித் திரும்பி, கண்ணிவெடிகளுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் 75 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கும் நடுவில் சிக்கி 32 டாங்கிகளை இழந்தது. காலையில் வென்றவர்கள் நண்பகலுக்குள் எரிந்துகொண்டிருந்தார்கள்.

இறுதி நாள் 1942 நவம்பர் 4. அலமைன் அரண் உடைந்து ஜெர்மானியர் பின்வாங்கத் தொடங்கியபோது, தெற்கிலிருந்து அழைக்கப்பட்ட அரியேத்தே திறந்த வெளியில் நின்று மறித்தது. எதிரே வந்தது, பீர் எல் கோபியில் சந்தித்த அதே 22-ஆவது பிரிகேட். ஆனால் இம்முறை அதனிடம் 75 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட கிராண்ட் டாங்கிகள் இருந்தன. எம் 13-இன் குண்டு பயன்தரும் தூரத்தை எட்டுவதற்கு முன்பே கிராண்டின் குண்டு அதை எட்டிவிடும். பிற்பகலில் வந்த கடைசி வானொலிச் செய்தி, டிவிஷன் சுற்றிவளைக்கப்பட்டுவிட்டதையும் தான் நிற்கும் இடத்தையும் தெரிவித்துவிட்டு, 'அரியேத்தேவின் டாங்கிகள் போரிடுகின்றன' என்று முடிந்தது. அன்று மாலை ரெஜிமென்ட் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் குறைந்த ஆயுதங்களால் முடிந்ததைவிட அதிகமாகவே அவர்களிடம் தாங்கள் கேட்டு வந்ததாக ரோம்மலே பின்னர் எழுதினார்.

போருக்குப் பிறகு மீண்டும் அமைக்கப்பட்ட இந்த ரெஜிமென்ட், இன்று வடகிழக்கு இத்தாலியின் கோர்தெனோன்ஸ் நகரில் 120 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய டாங்கிகளோடு இயங்குகிறது. அந்த டாங்கியின் பெயரும் அரியேத்தேதான்.

அருங்காட்சியகத்திலிருந்து மேலும் மேற்கே, ஜெர்மானிய நினைவகத்தையும் தாண்டிச் சென்றால் இத்தாலிய நினைவகத்தின் வெண்கோபுரம் கடலோர மேட்டில் தெரிகிறது. சாலையோரம் நிற்கும் கல்லில், 'கைவிட்டது அதிர்ஷ்டமே, வீரம் அல்ல' என்ற பொருளில் இத்தாலிய வரி ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அலெக்சாந்திரியாவுக்கு 111 கிலோமீட்டர் என்றும் அதில் உண்டு. இந்த நினைவகத்தை வடிவமைத்த பாவோலோ கச்சா தொமினியோனி, இதே போரில் 31-ஆவது கண்ணிவெடிப் பொறியாளர் பட்டாலியனை நடத்தியவர். போர் முடிந்தபின் திரும்பி வந்து, பத்தாண்டுகளுக்கும் மேலாக வெடிகள் புதைந்த மணலில் நடந்து, எந்த நாட்டவர் என்று பாராமல் எலும்புகளைச் சேகரித்தார். அந்தத் தேடலில் உடன்சென்றவர்களில் சிலரை வெடிகள் பறித்துக்கொண்டன. 1959-இல் நினைவகம் திறக்கப்பட்டது.

உள்ளே வெண்பளிங்குப் பலகைகள் சுவர் முழுவதையும் அடைத்திருக்கின்றன. 132-ஆவது ரெஜிமென்ட்டின் பெயர்களைத் தேடலாம் என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். முதல் வரிசையில் கண்ணுக்கெட்டிய வரையில், ஒரு பலகை விட்டு ஒரு பலகை 'இன்யோத்தோ' என்றே இருந்தது. பெயர் தெரியாதவர் என்று பொருள். எரிந்த டாங்கிக்குள் இருந்து எடுக்கப்பட்டவருக்கு எந்தப் பெயரைப் பொறிப்பது? குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, கடைசிப் பலகை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.