முதல் பதிவுப் படிவத்தில் பாலினக் கேள்வியை மாற்றினோம்: எங்கெல்லாம் முட்டியது

மனநல சிகிச்சைக்கு வருபவர்கள் முதல் நாள் நிரப்பும் படிவத்தில் பாலினக் கேள்வியை மாற்றி, "உங்களை எப்படிக் குறிப்பிடலாம்" என்ற கேள்வியையும் சேர்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. கேள்விகளை எழுதுவது ஒரே கூட்டத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பதில் எங்கெல்லாம் போகிறது, யார் கண்ணில் படுகிறது, எந்தத் தாளில் அச்சாகிறது என்று தேடிப் பிடிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கும், இப்படிப்பட்ட படிவத்தை நிரப்ப வேண்டியவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பழைய படிவம் எல்லோரும் பார்த்ததுதான். பெயருக்குக் கீழே "பாலினம்: ஆண் / பெண் / மற்றவை". பக்கத்தில் நட்சத்திரக் குறி, அதாவது கட்டாயம். ஒரு திருநங்கை அதில் "பெண்" என்று குறித்தால் மருந்து எழுதுபவருக்குத் தேவையான தகவல் வராது. "மற்றவை" என்று குறித்தால் அவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது எங்குமே பதிவாகாது. இதைவிட மோசம், சில படிவங்களில் அடுத்த வரியிலேயே வரும் "அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா?" என்ற கேள்வி. தூக்கம் வரவில்லை என்று வந்த ஒருவரிடம், பின்னால் நாலு பேர் நிற்கும் இடத்தில் கேட்கிற கேள்வியா அது? முதலில் அதைத்தான் தூக்கினோம்.

புதிய படிவத்தில் பாலினக் கேள்விக்கு ஆண், பெண், திருநங்கை, திருநம்பி (பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்), இரண்டுக்குள்ளும் அடங்காதவர், "என் சொல்லில்" என்று ஒரு கோடு, "சொல்ல விரும்பவில்லை" ஆகிய கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மேல் குறிக்கலாம் என்பதைக் கேள்வியிலேயே எழுத வேண்டும். சிலர் பெண், திருநங்கை இரண்டையும் குறிப்பார்கள், இரண்டும் சரிதான். யார் மீது ஈர்ப்பு என்பது வேறு கேள்வி, அதை இந்தப் பட்டியலில் கலக்கக் கூடாது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத இடைப்பால் உடலமைப்போடு பிறந்திருப்பதும் வேறு விஷயம். அது உடல் பற்றிய தகவல் என்பதால் மருத்துவர் அறையில் கேட்பதுதான் முறை.

பிறந்தபோது என்ன பதிந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டுமா என்று எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். கணக்கெடுப்புகளில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும் முறை உண்டு. கனடா 2021 கணக்கெடுப்பில் அப்படித்தான் கேட்டது. அதே ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில், பால் (உடலை வைத்துச் சொல்லும் ஆண், பெண்) பற்றிய கேள்விக்கு அப்பால், "உங்கள் பாலின அடையாளமும் பிறப்பில் பதிவான பாலும் ஒன்றா?" என்ற பொருளில் ஒரு விருப்பக் கேள்வியையும் வைத்தார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற விமர்சனம் எழுந்து, 2024-ல் அந்தப் புள்ளிவிவரம் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் என்ற தகுதியை இழந்தது. தமிழ்ப் படிவத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். "ஒன்றா, வேறா" என்று ஒப்பிடச் சொன்னால் வயதானவர்கள் குழம்புவார்கள். "பிறந்தபோது ஆண் என்று பதிந்தார்களா, பெண் என்று பதிந்தார்களா?" என்று நேராகக் கேட்டால் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ரிசப்ஷனில் எந்த வேலையும் இல்லை. மருந்து எழுதப் போகிறவருக்கு மட்டும்தான் வேலை. எனவே முதல் தாளிலிருந்து எடுத்து மருத்துவரின் தாளில் வைத்தோம்.

அங்கேயும் அவருக்கு வேண்டியது "ஆணா பெண்ணா" என்பது இல்லை. குறிப்பான மூன்று விஷயங்கள்தான்: கருத்தரிக்க வாய்ப்பு உண்டா, ஹார்மோன் எடுக்கிறாரா, எடுத்தால் எது, எவ்வளவு நாளாக. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் கருவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடிய மருந்து. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எடுக்கும் திருநம்பிக்கு மாதவிடாய் நின்றிருந்தாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து ஆகாது. "ஆண்" என்ற ஒரே சொல்லைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதினால் இந்தக் கேள்வி எழவே எழாது.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தைக் கொடுக்கும்போது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். அதற்கான, 2021-ல் திருத்தப்பட்ட சிகேடி-எபி சூத்திரம் கிரியேட்டினினோடு (தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு) வயதையும் பாலையும் கேட்கும். ஹார்மோனால் தசை கூடினால் கிரியேட்டினினும் கூடும், குறைந்தால் குறையும். எந்தப் பாலைப் போட்டுக் கணக்கிட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். விளிம்பில் நிற்கும் எண் வந்தால் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, தசையளவை அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனையையும் எழுதிவிடுவது நல்லது. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கத் திருநங்கைகள் பலர் எடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடக்கூடும். எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை எஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்), மனநிலை மருந்தான லாமோட்ரிஜின் அளவைக் குறைக்கும். இன்னொரு மனநிலை மருந்தான கார்பமசெபைன் எஸ்ட்ரோஜனை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றி மார்பு வளர்ச்சியைத் தூண்டலாம், ஒரு திருநம்பிக்கு அது எவ்வளவு வேதனை என்று சொல்லத் தேவையில்லை. இத்தனையும் "மருந்துகள்" என்ற ஒரு கேள்வியில் வரவேண்டிய தகவல். ஆனால் ஹார்மோனை மருந்தென்று நினைக்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு, கடையில் தானாக வாங்கிப் போடுபவர்கள் சொல்லவும் தயங்குவார்கள். "ஊசி, மாத்திரை, ஜெல், பேட்ச், சீட்டு இல்லாமல் வாங்கியவை உட்பட" என்று கேள்வியில் விரித்து எழுதியபிறகே பதில்கள் முழுமையாக வருகின்றன.

இனி முட்டிய இடங்கள். முதல் சுவர், சாஃப்ட்வேர். "அந்த ஃபீல்டைத் தொட முடியாது, பில்லிங் நின்றுவிடும்" என்பதுதான் கணினிப் பிரிவில் கிடைத்த முதல் பதில், கடைசி வரை அதே பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மருத்துவமனைக் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் எஃப்ஹெச்ஐஆர் தரத்தில் நிர்வாகப் பாலினம் என்பதற்கு நான்கே மதிப்புகள்: ஆண், பெண், வேறு, தெரியாது. காப்பீடும் லேபும் அதைத்தான் படிக்கின்றன. எனவே அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அதை அடையாள அட்டையில் உள்ளபடி விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய ஃபீல்டுகளைக் கேளுங்கள்: அழைக்கும் பெயர், பாலினம், குறிப்பிடும் முறை. புதிதாகச் சேர்ப்பதற்கு யாரும் அவ்வளவாக மறுப்பதில்லை. சேர்க்கும்போதே "சொல்ல விரும்பவில்லை", "இன்னும் கேட்கவில்லை" இரண்டையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வெற்றிடமாகப் பதிந்தால், விருப்பமில்லை என்று சொன்னவரிடம் ஒவ்வொரு வருகையிலும் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, லேப். பெயர், பிறந்த தேதி, பால் மூன்றையும் வைத்து ஆளைப் பொருத்தும் லேப் மென்பொருளில், பாலை மட்டும் மாற்றினால் அது புது ஆளாகிவிடும். பழைய ரிப்போர்ட் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். லித்தியம் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவருக்கு இது ஆபத்து. பதிவு எண்ணை வைத்து மட்டுமே பொருத்தச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஹீமோகுளோபின். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவரின் அளவைப் பெண்களுக்கான வரம்போடு ஒப்பிட்டால் ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி விழும், அதைப் பார்த்து அவர் பயந்துபோவார். லேப் சீட்டில் "டெஸ்டோஸ்டிரோன், இன்ன மாதத்திலிருந்து" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் படிப்பவருக்குப் புரியும்.

மூன்றாவதுதான் எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. படிவத்தில் அழைக்கும் பெயரை மரியாதையாகக் கேட்டு வாங்கிவிட்டு, டோக்கன் திரையில் அடையாள அட்டையில் உள்ள பெயரை (அட்டைப் பெயரை) பெரிய எழுத்தில் ஓடவிட்டால் கேட்டதற்கு அர்த்தமே இல்லை. இப்படி எங்கெல்லாம் பெயர் ஓடுகிறது என்று யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. கடைசியில் ஒரு கற்பனை ஆளைப் பதிந்தோம்: அட்டைப் பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் வேறு. பதிவு முதல் பில் வரை முழுச் சுற்றும் ஓட்டி, வெளியே வந்த தாளையெல்லாம் மேஜையில் பரப்பினோம். கோப்பு அட்டையில் புதிய பெயர். ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளில் பழைய பெயர். மருந்துக் கவரில் பழைய பெயர், முன்னால் "திரு". பரிந்துரைக் கடிதத்தில் மேலே ஒரு பெயர், கையெழுத்துக்கு மேல் இன்னொன்று. அடுத்த வருகையை நினைவூட்டும் எஸ்எம்எஸ், அவசரத் தொடர்புக்காகக் கொடுத்த அப்பாவின் எண்ணுக்கு, புதிய பெயரோடு. நிஜ ஆளாக இருந்திருந்தால் வீட்டில் அன்று இரவு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பதறியது. படிவத்தை மாற்றும் எந்த இடமும் இந்தச் சோதனையைச் செய்யாமல் புதிய தாளை வெளியே விடக் கூடாது.

அந்த எஸ்எம்எஸ்ஸிலிருந்து பிறந்ததுதான் படிவத்திலேயே மிக முக்கியமான கேள்வி: "இந்தப் பெயரை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?" அதற்குக் கீழே நான்கு கட்டங்கள்: இங்குள்ள ஊழியர்களிடம், உடன் வந்தவர் முன்னால், போனில், கடிதத்திலும் குறுஞ்செய்தியிலும். குறிக்காத இடத்தில் அட்டைப் பெயர்தான். இந்தத் தாளை வீட்டார் கையில் கொடுக்கக் கூடாது. பல சமயம் பேனா அம்மாவிடமோ அண்ணனிடமோதான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். அதனால் முதல் தாளில் பெயர், பிறந்த தேதி, வந்த காரணம், தொடர்பு எண் மட்டும் வைத்து, இந்தக் கேள்விகளை உள்ளே, தனியாக இருக்கும்போது கேட்கிறோம். "முதல் 5 நிமிடம் எல்லோரிடமும் தனியாகப் பேசுவது இங்கே வழக்கம்" என்று சொன்னால் வீட்டார் சந்தேகப்படுவதில்லை. நிஜமாகவே எல்லோரிடமும் அப்படிச் செய்ய வேண்டும், சிலரிடம் மட்டும் செய்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

குறிப்பிடும் முறை பற்றிய கேள்வி முதலில் எங்களிடம் வந்த வரைவில் "அவன் / அவள் / அவர்கள்" என்று இருந்தது. ஆங்கிலப் படிவத்தை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை. எதிரே இருப்பவரை "நீங்கள்" என்போம், கேஸ் ஷீட்டில் "அவர்" என்று எழுதுவோம், இரண்டிலும் பிரச்சினை இல்லை. சறுக்குவது வேறு இடத்தில்: "அந்தம்மாவை உள்ளே அனுப்புங்க", "தம்பி, கொஞ்சம் நகருப்பா", "சார், பில் இந்தப் பக்கம்". எனவே கேள்வியை இப்படி வைத்தோம்: "உங்களைக் கூப்பிடும்போது எது பிடிக்கும்? பெயர் மட்டும், சார், மேடம், அண்ணா, அக்கா, வேறு." கேஸ் ஷீட்டுக்கு எல்லோருக்கும் "அவர்"தான். ஆனால் சிலருக்கு "அவள் வந்தாள்" என்று தன்னைப் பற்றி எழுதப்படுவது மிகவும் வேண்டியதாக இருக்கும், அதற்கும் ஒரு கோடு விட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் போகுமானால் அதில் எப்படி எழுதுவது என்பதைத் தனியே கேளுங்கள். தமிழில் சொன்ன பதிலிலிருந்து ஊகிக்காதீர்கள்.

ஊழியர் பயிற்சியில் அதிகம் உதவியது இரண்டு வாக்கியங்கள். "இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்டால்: "எல்லோரிடமும் கேட்கிறோம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்." வாய் தவறிவிட்டால்: "மன்னிக்கவும்" என்று சொல்லி, சரியான சொல்லைப் போட்டு, பேச்சைத் தொடர்வது. நீளமாக மன்னிப்புக் கேட்டால் ஆறுதல் சொல்லும் வேலை வந்தவர் தலையில் விழும்.

குறிப்பெழுதும் மருத்துவர்களுக்கும் ஒன்று. பாலினக் கட்டத்தில் விழும் குறி நோயறிதல் ஆகாது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்), பாலின முரண்பாட்டை (உணரும் பாலினமும் பிறப்பில் பதிந்ததும் பொருந்தாமல் இருப்பதை) மனநோய்களின் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது. பழைய ஐசிடி-10 பட்டியல் ஓடும் கணினிகளில் அதற்கான எஃப்64 என்ற குறியீடு இன்னும் மனநோய்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. பதற்றத்துக்காக வந்த திருநங்கை அல்லது திருநம்பியின் கோப்பில் பழக்கதோஷத்தில் அதைப் போட்டுவிட்டால், அடுத்து பார்ப்பவர் பதற்றத்தை விட்டுவிட்டுப் பாலினத்தைத் துருவ ஆரம்பிப்பார்.

படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு: பிடிக்காத கேள்வியைக் காலியாக விடலாம், விட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் தாளை யார் யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் மருத்துவரிடம் மட்டும் நேரில் சொல்லுங்கள். எஸ்எம்எஸ் போகும் எண்ணும் அவசரத் தொடர்பு எண்ணும் வேறு வேறாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று அப்போதே சரிபாருங்கள். காப்பீடு கோருவதாக இருந்தால் பில்லில் மட்டும் அட்டைப் பெயரே இருக்கட்டும், ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். ஹார்மோன் எடுப்பதை மருந்து எழுதுபவரிடம் மறைக்காதீர்கள்.

மாற்றுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புதிய படிவத்தின் கீழ் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சிடுங்கள். அவசரப் பிரிவு மேஜையிலும் இரவுப் பணி அலமாரியிலும் பழைய படிவக் கட்டுகள் கிடக்கும், ஜெராக்ஸ் எடுத்து எடுத்து அவற்றையே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் புகார் அப்படி வந்த பழைய தாளில்தான். ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கட்டுகளை அள்ளி, கணினியில் பகிர்ந்த கோப்புறையிலிருந்தும் பழைய கோப்பை நீக்கியபிறகுதான் அது நின்றது.