பொத்துவில் பஸ்ஸில் ஒரு ஜூலை 20

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகிற பஸ்ஸை நம்பி யாருக்கும் நேரம் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தம்பிலுவில் தாண்டியதும் எஞ்சினில் புகை. "பத்து நிமிசம்" என்றார் கொண்டக்டர். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றோம்.

ஆனால் வீதியோரக் கடையில் கிடைத்த சோறு! மீன் குழம்பு, முருங்கைக்கீரைச் சுண்டல், சொதி, எல்லாம் 400 ரூபாய்தான். நாளுக்கு 3000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவனுக்கு அது பெரிய ஆறுதல்.

அதே மேசையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருந்தார். மணிக்கூட்டைப் பார்த்தவர், "தம்பி, இன்றைக்கு ஜூலை 20. 1944-இல் இந்த நேரம்தான், 12.42-க்கு, ஹிட்லருக்கு வைத்த குண்டு வெடித்தது" என்றார். என் பையை எடுத்து மேசைக்கடியில் வைத்தார். அன்று இப்படிக் குண்டுப் பையை வைத்தவர் ஸ்டாஃபன்பெர்க் என்ற ஜெர்மன் படைக் கேணல். போரில் ஒரு கண்ணும் வலது கையும் இடது கையில் இரண்டு விரலும் போனவர். அவசரத்தில் இரண்டு குண்டில் ஒன்றைத்தான் தயார் செய்ய முடிந்தது.

"அவர் வெளியே போனதும் பை மேசையின் தடித்த காலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது." சேர் என் பையை ஒரு சாண் தள்ளினார். அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு பேர் செத்தார்கள், ஹிட்லர் தப்பிவிட்டான்.

அன்றிரவே ஸ்டாஃபன்பெர்க்கை பெர்லினில் சுட்டார்கள். அப்புறம் ஃப்ரைஸ்லர் என்ற நாஜி நீதிபதியின் மக்கள் நீதிமன்றம் சதியில் சேர்ந்தவர்களை ஆள் ஆளாகத் தூக்குக்கு அனுப்பியது. சதியில் தொடர்பு என்று சந்தேகித்து, ஒக்டோபரில் ரொம்மல் என்ற பெரிய படைத்தளபதியை விஷம் குடிக்க வைத்தார்கள். எனக்குத் தாங்க முடியாதது பிள்ளைகளின் கதை. சதியில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, பாட் சாக்ஸா என்ற ஊரில், வேறு குடும்பப் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். ஸ்டாஃபன்பெர்க்கின் மனைவி நீனா அப்போது கர்ப்பிணி. கடைசிக் குழந்தை 1945 ஜனவரியில் காவலில்தான் பிறந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் பெயரைப் பறித்து என்னத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள்?

பொத்துவிலில் ஓட்டோக்காரர் அறுகம்பேக்கு 1000 ரூபாய் கேட்டார், மூன்று கிலோமீற்றருக்கு! சேர்தான் பேசி 400-க்கு முடித்துத் தந்தார். நீங்கள் போனால் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

அன்று பின்னேரம் நான் கடலுக்குப் போகவில்லை. அறையில் இருந்து அந்தப் பிள்ளைகளைப் பற்றியே தேடி வாசித்தேன். போர் முடிந்த பிறகுதான் அவர்கள் நீனாவிடம் திரும்பியிருக்கிறார்கள்.