குட்செட் வீதி

வவுனியாவில குட்செட் வீதி எண்டு ஒண்டு இருக்கு. கோச்சியில, அதாவது ரயிலில, ஏத்துற சரக்கை வைக்கிற கொட்டில்தான் குட்செட் எண்டு மகளுக்கு இண்டைக்குத்தான் சொன்னன்.

எழுபதுகளில, வெளிநாட்டு மிளகாய் வெங்காயத்தை அரசாங்கம் மறிச்ச காலம். அப்பப்பா கிளிநொச்சியில இருந்து செத்தல் மிளகாய் அனுப்பினவர். செத்தல் பாரமில்லை, ஆனா இடம் பிடிக்கும். சாக்குக்குள்ள இறங்கி மிதிச்சு மிதிச்சுத்தான் அடைவினமாம். பிறகு மாட்டு வண்டிலில ஸ்ரேசனுக்கு. சாக்கில பேர் எழுதிறது அப்பாவின்ர வேலை. பற்றுச்சீட்டை மடியில செருகின பிறகுதான் அப்பப்பா தேத்தண்ணி குடிப்பாராம்.

1990இல வவுனியாவுக்கு வடக்கால கோச்சி நிண்டுது. 2013இல கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. எங்கட மூட்டையள் இப்பவும் லொறியிலதான் போகுது. தண்டவாளம் பக்கத்திலயே கிடக்க, அதைப் பாக்க மனம் பொறுக்குதில்லை.