சர்க்கரை 0

மார்ச் 3, செவ்வாய்
நோயாளிகளின் பரிசோதனை முடிவுக் கோப்புகள் வந்துவிட்டன. எல்லாமே டெக்ஸ்ட், காற்புள்ளி பிரித்தவை. சனி இரவு தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும்.

மார்ச் 4, புதன்
வரிக்கு ஒரு இன்சர்ட் கட்டளை என்று போனால் விடிந்துவிடும். கோப்பை மொத்தமாக ஏற்றும் லோட் டேட்டாதான் வழி. எங்கள் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8-இல் லோக்கல் இன்ஃபைல், அதாவது கிளையன்ட் பக்கமுள்ள கோப்பை ஏற்றும் வசதி, இயல்பாகவே அணைந்திருக்கும். சர்வர், கிளையன்ட் இரண்டிலும் திறந்தாயிற்று. சோதனை ஏற்றம் சட்டென்று முடிந்தது.

ஆனால் சர்க்கரை நெடுவரிசையில் 0. கீழே போகப் போக 0. கோப்பில் அந்த இடம் காலி. அவர்களுக்கு ரத்தமே எடுக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்
நாள் முழுக்க இதே நினைப்பு. எண் நெடுவரிசைக்குக் காலிப் புலம் வந்தால் லோட் டேட்டா அதை 0 ஆக்கும். தவறான மதிப்பை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோட் தடுக்க வேண்டாமா? லோக்கல் என்று சேர்த்தால் தடுக்காது. கிளையன்ட் அனுப்பும் கோப்பை சர்வரால் நடுவில் நிறுத்த முடியாது, அதனால் பிழையெல்லாம் வெறும் எச்சரிக்கையாகிவிடும். அந்த எச்சரிக்கைகளும் இயல்பாக 1024 வரைதான் சேமிக்கப்படும். எடுக்காத பரிசோதனைக்கு ஒரு முடிவை எழுதி வைப்பது பொய். நாளைக்கு ஒரு மருத்துவர் அதைப் பார்ப்பார். சராசரி எடுப்பவர் அதையும் சேர்த்துக் கூட்டுவார்.

புலத்தை முதலில் ஒரு மாறியில் வாங்கி, நல்இஃப் போட்டு, காலியென்றால் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்கலாம். செய்தேன். சர்க்கரை சரியாகிவிட்டது.

மார்ச் 6, வெள்ளி
பெயர்கள் கேள்விக்குறியாகாமல் வந்தன. கேரக்டர் செட்டை, அதாவது எழுத்துக் குறியாக்கத்தை, கட்டளையிலேயே எழுதிவிட்டது நல்லதாயிற்று.

இரவு
கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) 0! அதற்கும் நல்இஃப் இருக்கிறதே. அப்புறம்தான் புலப்பட்டது: அது கடைசி நெடுவரிசை, கோப்பு விண்டோஸில் உருவானது. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து அந்தப் புலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே காலி காலியே இல்லை. வரி முடிவை \ஆர்\என் என்று குறித்ததும் 0 போயிற்று.

மார்ச் 7, சனி
ஏறிக்கொண்டிருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் இது முழுக்க ஒரே பரிவர்த்தனை, அறுந்தால் அத்தனையும் பின்வாங்கும். வேகத்துக்காக ஃபாரின் கீ சரிபார்ப்பை (ஒரு வரி சுட்டும் வரி மற்ற அட்டவணையில் உண்டா என்ற சோதனையை) அணைக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். திரும்பப் போட்டாலும் ஏற்கெனவே ஏறிய வரிகளை அது சோதிக்காது. மெதுவாகவே ஏறட்டும்.

மார்ச் 8, ஞாயிறு
வரி எண்ணிக்கை பொருந்துகிறது. சர்க்கரையில் 0 இல்லை, கிரியாட்டினினிலும் இல்லை. எடையில் இருக்கிறது. மூலக் கோப்பைத் திறக்கிறேன்.